ஒன்ட்பைட்கூக் சொதப்பும்போது: எங்கே தவறியது என்று பிடிப்பது எப்படி

டச்சுக்காரர்கள் காலையில் ஒரு துண்டு வெட்டி, வெண்ணெய் தடவிச் சாப்பிடும் பழுப்பு நிற மசாலா ரொட்டிதான் ஒன்ட்பைட்கூக். ஒன்ட்பைட் என்றால் காலை உணவு. கூக் என்பதை நாம் 'கேக்' என்று சொல்லிக்கொள்கிறோம். பாதிச் சிக்கல் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. இதில் வெண்ணெய் கிடையாது, வழக்கமாக முட்டையும் கிடையாது. நுரை பொங்க அடிக்கிற வேலையும் இல்லை. ரை மாவு, பாகு, மசாலா, கொஞ்சம் பால், அவ்வளவுதான். கேக் செய்து பழகிய கை இதிலும் அதே வேகத்தில் இறங்கினால் வரிசையாகத் தவறுகள் வரும். எனக்கு முதல் நான்கு தடவை வந்தன. நான்கும் நான்கு விதம்.

கீழே சொல்வதெல்லாம் இந்த அளவை வைத்துத்தான்: ரை மாவு 200 கிராம், மைதா 100 கிராம், பேக்கிங் பவுடர் 12 கிராம், அடர் பழுப்புச் சர்க்கரை 120 கிராம், பாகு அல்லது தேன் 150 கிராம், பால் 250 மில்லி, ஒரு சிட்டிகை உப்பு, மசாலாப் பொடிகள் எல்லாம் சேர்த்து 4 தேக்கரண்டி. 25 சென்டிமீட்டர் நீள ரொட்டி அச்சு, உள்ளே காகிதம். விசிறி இல்லாத அவனில் (சுடும் அடுப்பில்) 160 டிகிரி, விசிறி ஓடினால் 145 முதல் 150. சுமார் 70 நிமிடம். உங்கள் அளவு வேறாக இருந்தாலும் காரணங்கள் மாறாது.

ரை மாவு பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ரை என்றதும் கம்பு என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. கம்பு வேறு, இது வேறு. ரை குளிர்நாட்டுத் தானியம், கோதுமைக்குச் சொந்தம். கம்பு மாவில் செய்தால் கூக் உதிர்ந்து மணலாகும். வட இந்தியக் கடையில் 'ராய்' என்று எழுதிய பொட்டலத்தை எடுத்துவிடாதீர்கள், அது கடுகு.

நடுவில் குழி விழுந்திருக்கிறது

அவனுக்குள் அழகாக எழும்பி, வெளியே வந்ததும் நடு முதுகு உட்கார்ந்துவிட்டதா? பெரும்பாலும் உள்ளே வேகவில்லை. ஓரம் வெந்து இறுகிவிட்டது, நடுப்பகுதி இன்னும் கூழ். காற்று நிற்க அங்கே சுவர் இல்லை.

குச்சி குத்திப் பார்த்தேனே, சுத்தமாக வந்ததே என்பீர்கள். இந்தக் கூக்கில் குச்சியை நம்ப முடியாது. பாகு நிறைய இருப்பதால் வெந்தபின்னும் சில சமயம் குச்சியில் ஒட்டும். வேகாதபோது, மேலிருந்த காய்ந்த பகுதி வழித்துவிட்டுச் சுத்தமாகக் காட்டும். சமையல் வெப்பமானி ஒன்று வாங்கி நடுவில் குத்துங்கள். 96 முதல் 98 டிகிரி காட்டினால் எடுக்கலாம். 90 என்றால் இன்னும் பத்து நிமிடமாவது வேண்டும்.

வெப்பமானி சரியாகவே காட்டியும் குழி விழுகிறது என்றால் பேக்கிங் பவுடர் கூடிவிட்டது. தேக்கரண்டியைக் குவித்து அள்ளினால் எளிதில் ஒன்றரை மடங்காகிவிடும். மாவு சட்டென்று பொங்கும், தாங்க முடியாமல் விழும். முதல் 45 நிமிடம் அவன் கதவைத் திறப்பதும் இதே வேலையைச் செய்யும். விளக்கைப் போட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடியில் பசை போல ஒரு வரி, அல்லது முழுவதுமே பிசுபிசு

அதிகம் வரும் கோளாறு இது. காரணங்களும் அதிகம், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கோதுமை மாவில் குளூட்டன் வலை பின்னி ரொட்டியைத் தூக்கி நிறுத்துகிறது. ரையில் அந்த வலை சரியாக அமையாது. அதற்குப் பதிலாக அதிலிருக்கும் பென்டோசன் என்ற நார்ச்சத்து தண்ணீரை உறிஞ்சிக் கெட்டிப்படுகிறது. கூக்கின் ஈரமான, அடர்த்தியான கடிக்கு இதுதான் காரணம், பிசுபிசுப்புக்கும் இதுவேதான். கூடவே ரையில் அமைலேஸ் என்ற நொதி சுறுசுறுப்பாக இருக்கும். மாவுச்சத்து வெந்து இளகும் அதே வெப்பத்தில் இந்த நொதியும் விழித்திருந்து, அந்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். உடைந்தது தண்ணீரைப் பிடித்து வைக்காது. விளைவு பசை. ஐரோப்பாவில் ரை ரொட்டியைப் புளிக்கவைத்துச் சுடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். புளிப்பு இந்த நொதியை அடக்கும்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? முதலில் ரையைக் குறைத்துப் பாருங்கள். 200க்கு 100 என்பதை 150க்கு 150 ஆக்கினாலே பாதிப் பிரச்சினை போய்விடும். அடுத்தது, பாலில் கால் பங்கை எடுத்துவிட்டு மோர் ஊற்றுங்கள். டச்சு வீடுகளில் மோர் சாதாரணமாகப் புழங்கும், சில வீட்டுச் செய்முறைகளில் பாலுக்குப் பதில் முழுக்க அதுதான். நம் வீட்டுத் தயிரைக் கடைந்து ஊற்றினாலும் போதும், நீர்மோராக இருக்கக் கூடாது.

மூன்றாவது, பாகை எப்படி அளந்தீர்கள்? கோப்பையால் அளந்திருந்தால் அங்கேதான் தப்பு. ஒரு கோப்பை தேன் 330 கிராமைத் தாண்டும். அதே கோப்பையில் தண்ணீர் 240 கிராம்தான். "அரைக் கோப்பைக்குக் கொஞ்சம் கூட" என்று ஊற்றும்போது நாம் நினைப்பதைவிட நிறைய உள்ளே போகிறது. சர்க்கரை கூடக்கூட மாவுச்சத்து வேக இன்னும் அதிக வெப்பம் கேட்கும், நடுப்பகுதி வேகாமலே நின்றுவிடும். தராசில் அளங்கள். பாத்திரத்தைத் தராசில் வைத்தபடியே அதில் பாகை ஊற்றினால் கரண்டியில் ஒட்டுகிற தொல்லையும் இல்லை.

அடியில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குப் பசை, மேலே சரியாக இருக்கிறதா? அப்படியானால் அச்சின் அடிக்குச் சூடு போகவில்லை. தட்டின் மேல் அச்சை வைத்துச் சுடாதீர்கள், கம்பி அடுக்கில் வையுங்கள், நடுவுக்கு ஒரு படி கீழே. கண்ணாடி அச்சு சூடாக நேரம் எடுக்கும், இந்த வேலைக்கு உலோகம்தான் மேல்.

கடைசியாக, நீங்கள் பொறுமையில்லாமல் சூட்டோடு வெட்டியிருக்கலாம். ரை ரொட்டி ஆறும்போதுதான் உள்ளே இறுகும். ஒரு மணி நேரம் கழித்துப் பிசுபிசுவென்று இருப்பது மறுநாள் காலையில் சரியாக இருக்கும். நான் தூக்கிப்போட்ட முதல் கூக் ஒருவேளை நல்ல கூக்காகவே இருந்திருக்கலாம்.

செங்கல் மாதிரி கனம், எழும்பவே இல்லை

இது எப்படியும் பஞ்சு மாதிரி வராது. அச்சில் பாதிக்குச் சற்று மேல் ஊற்றினால் விளிம்பைத் தொடுமளவு எழும்பினால் போதும். அதுவும் எழும்பவில்லை என்றால் பேக்கிங் பவுடர் பழையது. ஒரு தேக்கரண்டி பவுடரைச் சுடுதண்ணீரில் போடுங்கள். உடனே நுரைத்துப் பொங்க வேண்டும். சோம்பலாக நாலு குமிழி விட்டால் குப்பைக்குப் போகட்டும்.

பவுடர் புதிதுதான் என்றால், பாகைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினீர்களா? அப்போதே வாயு கிளம்பிப் போய்விடும். பாகையும் பாலையும் சர்க்கரை கரையும் வரை மட்டும் சுடவைத்து, விரல் வைத்தால் தாங்கும் சூட்டுக்கு வந்தபின் கலக்குங்கள்.

அதிகம் கலக்கினாலும் கனக்கும். ரையில் வலை இல்லை என்றேன், ஆனால் சேர்த்திருக்கும் மைதாவில் இருக்கிறது. மிக்சரில் ஐந்து நிமிடம் ஓடவிட்டால் அது இறுகி ரப்பராகும். மரக்கரண்டியால் உலர்ந்த மாவு தெரியாமல் போகும் வரை கிளறினால் போதும். பதம் இட்லி மாவைவிடக் கெட்டி. கரண்டியைத் தூக்கினால் சொட்டக் கூடாது, பட்டையாக நழுவி விழ வேண்டும்.

மேலே நீளமாக வெடித்திருக்கிறது

விட்டுவிடுங்கள். அவன் கொஞ்சம் சூடு அதிகம், வேறொன்றுமில்லை. 10 டிகிரி குறைக்கலாம், அல்லது 40 நிமிடம் ஆனபின் மேலே அலுமினியத் தாள் போர்த்தலாம். மேல்பக்கம் கறுத்து உள்ளே வேகாமல் இருப்பதற்கும் இதே வைத்தியம்தான். சர்க்கரையும் தேனும் நிறைந்த மாவு சீக்கிரம் கறுக்கும். கேக்குக்கு வைக்கும் 180 இதற்குக் கூடவே கூடாது.

மேல்பாகம் ஓடு போலக் காய்ந்து கிடக்கிறது

எப்போது பார்த்தீர்கள்? சுட்ட அன்றே என்றால் அது கோளாறே அல்ல. கூக் அவனிலிருந்து வரும்போது மேலே கடினமாகத்தான் இருக்கும். அதைச் சரியான நேரத்தில் மூடி வைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெளிப்புறம் ஆறி, உள்ளே இன்னும் இளஞ்சூடு இருக்கும்போது, அதாவது எடுத்த முக்கால் மணி நேரத்தில், காகிதத்தோடு பிளாஸ்டிக் உறையில் இறுகச் சுற்றிவிடுங்கள். உள்ளிருக்கும் ஈரம் மெல்ல மேலே வந்து ஓட்டை இளக்கும். மறுநாள் மேல்பகுதி விரலில் லேசாக ஒட்டும். அதுதான் பதம். இரண்டாம் நாள் மசாலாவும் உள்ளே ஊறி, முதல் நாள் தனித்தனியாக நாக்கில் தட்டியதெல்லாம் ஒன்றாகிவிடும். விருந்தாளி ஞாயிறு வருகிறார் என்றால் வெள்ளியே சுட்டுவிடுங்கள்.

காத்திருப்பது இந்தக் கூக்குக்குப் புதிதல்ல. நெதர்லாந்தில் ஐசல் ஆற்றங்கரையில் இருக்கும் டேவன்டருக்கு 'கூக் ஊர்' என்றே பட்டப்பெயர். ஹன்சா வணிகக் கூட்டணியில் இருந்த பழைய ஊர் அது. அங்கத்திய பாணியில் தேனும் ரை மாவும் சேர்ந்த மாவைப் பிசைந்ததும் சுட மாட்டார்கள். வாரக்கணக்கில் கிடக்க விட்டு, பிறகுதான் எடுப்பார்கள். வீட்டில் அவ்வளவு வேண்டாம். ஆனால் பேக்கிங் பவுடர் மட்டும் சேர்க்காமல் மற்றதையெல்லாம் கலந்து ஓர் இரவு குளிர்பெட்டியில் வைத்துப் பாருங்கள். ரையின் தவிடு நன்றாக ஊறிப் பல்லில் நெறுநெறுப்பது போய்விடும். காலையில் மாவு பாறையாகத் தெரியும், அறை வெப்பத்துக்கு வந்ததும் இளகும். அப்புறம் பவுடரைச் சலித்துச் சேருங்கள்.

மூன்று நாள் கழித்து உள்ளேயே காய்கிறது என்றால் சங்கதி வேறு. பாகுக்குப் பதில் வெறும் சர்க்கரை போட்டிருப்பீர்கள். தேனில் இருக்கும் பழச்சர்க்கரையும் குளுக்கோஸும் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வெள்ளைச் சர்க்கரையின் சுக்ரோஸ் அந்த அளவுக்குப் பிடிக்காது. டச்சுக் கடைகளில் கிடைக்கும் ஸ்ட்ரோப் என்ற கறுத்த பாகு சர்க்கரை பீட்ரூட்டிலிருந்து வருவது. அதையே வாங்குங்கள். அதே அலமாரியில் பக்கத்திலேயே ஆப்பிள் ஸ்ட்ரோப் இருக்கும், புளிப்பான ஜாம் மாதிரியான பொருள், அது இல்லை. ஸ்ட்ரோப் கிடைக்காத ஊரில் தேனைப் பாதியும் கருப்பட்டிப் பாகைப் பாதியும் சேர்த்தால் நிறமும் மணமும் பக்கத்தில் வரும். முழுக்க வெல்லப்பாகு மட்டும் போட்டால் இரண்டு நாளில் சர்க்கரை பூத்து உலர்ந்துவிடும்.

சோப்பு வாடை, தொண்டையில் கசப்பு

பேக்கிங் பவுடர் என்ற இடத்தில் ஆப்பசோடா போட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றல்ல. பவுடருக்குள் சோடாவும் அதை முறிக்கும் அமிலமும் சேர்ந்தே இருக்கின்றன. வெறும் சோடாவுக்கு வெளியிலிருந்து புளிப்பு வேண்டும். தேனிலும் பாகிலும் கொஞ்சம் உண்டு, 12 கிராம் சோடாவுக்கு அது எங்கே போதும்? மோர் ஊற்றிச் செய்பவர்கள் கால் தேக்கரண்டி சோடா சேர்க்கலாம், அத்தோடு பவுடரையும் கொஞ்சம் குறைக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். சோடா கூடினால் நிறம் அழகாகக் கறுக்கும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

மசாலா ஒன்றும் தெரியவில்லை, அல்லது பல் மருத்துவமனை வாடை

பல் மருத்துவமனை என்றால் கிராம்பு. அதிலிருக்கும் யூஜெனால்தான் அங்கேயும் மணக்கிறது. 4 தேக்கரண்டியில் கிராம்பு கால் தேக்கரண்டியைத் தாண்டக் கூடாது. என் பங்கீடு: பட்டை ஒன்றரை, சுக்கு ஒன்று, மல்லித் தூள் அரை, சோம்பு கால், ஜாதிக்காய் கால், ஏலம் கால், கிராம்பு கால். மல்லியா என்று முகம் சுளிக்காதீர்கள். கூக்கில் அது குழம்பு வாடை அடிக்காது, ஆரஞ்சுத் தோல் மாதிரி ஒரு வெளிச்சம் தரும். வறுத்த மல்லித் தூளைப் போட்டால்தான் குழம்பு.

இதற்கு இன்னொரு பெயர் பெப்பர்கூக். அதைப் பார்த்து மிளகைக் கொட்டுகிறவர்கள் உண்டு. பெப்பர் என்ற சொல் முன்பு மசாலாச் சரக்கு எல்லாவற்றுக்கும் பொதுவாகப் புழங்கியது. பெரும்பாலான செய்முறைகளில் மிளகே இருக்காது.

இஞ்சிக் காரம் போதவில்லை என்று பச்சை இஞ்சியைத் துருவிப் போட்டவர்களில் நானும் ஒருவன். ஈரம் கூடியது, புல் மாதிரி ஒரு பச்சை வாடை வந்தது, காரம் வரவில்லை. இஞ்சி காயும்போது அதன் காரப்பொருளான ஜிஞ்சரால், ஷோகால் என்ற பொருளாக மாறுகிறது, அது இன்னும் காட்டம். ஆகவே இங்கே வேண்டியது சுக்கு. டச்சுக் கடைகளில் சுக்குத்தூள் புட்டியில் 'ஜாஹே' என்ற இந்தோனேசியப் பெயரும் இருக்கும். அந்தக் காலனிகளின் மிச்சம். ஊரிலிருந்து கொண்டுவந்த சுக்குக் காபித் தூளை மட்டும் போட்டுவிடாதீர்கள், அதில் மிளகும் வேறு என்னென்னவோவும் இருக்கும்.

பட்டை எடுபடவில்லை என்றால் எந்தப் பட்டை என்று பாருங்கள். தடித்து, ஒரே சுருளாக இருப்பது காசியா, நம் பிரியாணிப் பட்டை. தாள் தாளாக, சுருட்டுக்குள் சுருட்டாக இருப்பது இலங்கையின் கறுவா. டச்சுக் கம்பெனி 1656இல் கொழும்பைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்ததே பெரிதும் இந்தக் கறுவாவுக்காகத்தான். ஜாதிக்காய்க்காக 1621இல் இந்தோனேசியாவின் பாண்டா தீவுகளில் அவர்கள் செய்தது படுகொலை. இந்தக் கூக்கின் மணத்தில் அதுவும் உண்டு. சமையலுக்கு வருவோம்: கறுவா மென்மை, காசியா காட்டம். கூக் மாதிரி கனமான ரொட்டியில் கறுவா மட்டும் போட்டால் தொலைந்துவிடும். நான் பாதிப் பாதி போடுகிறேன்.

இஞ்சித் துண்டுகள் எல்லாம் அடியில்

பாகில் ஊறிய இஞ்சி உருண்டைகளை நறுக்கிப் போட்டால் அது கெம்பர்கூக். துண்டுகள் இறங்கினால் மாவு நீர்த்திருக்கிறது, அல்லது துண்டு பெரிது. கடலை அளவுக்கு நறுக்கி, பாகைத் துடைத்து, ஒரு கரண்டி ரை மாவில் புரட்டிப் போடுங்கள். அந்த இஞ்சிப் பாகைக் கொட்டாமல் ஸ்ட்ரோப்புடன் சேர்த்து அளந்துகொள்ளுங்கள்.

வெட்டினால் உதிர்கிறது, அல்லது கத்தியில் அப்புகிறது

சுலபமான காரியத்தை டச்சுக்காரர்கள் 'வெட்டிவைத்த கூக்' என்பார்கள். வெட்டிப் பார்த்தால்தான் தெரியும் அது அவ்வளவு சுலபமில்லை என்று. அப்பினால் பல் வைத்த ரொட்டிக் கத்தியை விட்டுவிட்டு, மெல்லிய நேர்க்கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்து வெட்டுங்கள்.

உதிர்கிறது என்றால் பாகு குறைவு, அல்லது அதிக நேரம் சுட்டாயிற்று. ஏப்ரல் 27 அரசர் தினத்தில் குழந்தைகளுக்குக் கூக்-ஹாப்பன் என்று ஒரு விளையாட்டு வைப்பார்கள். கூக் துண்டுகளை நூலில் கோத்துக் கொடியில் தொங்கவிடுவார்கள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயாலேயே கவ்வித் தின்ன வேண்டும். நூலில் தொங்கும் துண்டு முதல் கடியிலேயே அறுந்து விழுந்தால் கூக் சரியில்லை. நான் வீட்டில் சோதிப்பதும் அப்படித்தான், ஒரு துண்டில் பென்சிலால் ஓட்டை போட்டு நூல் கோத்து. என் மகளுக்கு மிகவும் பிடித்த தரக் கட்டுப்பாடு.

ஐந்தாம் நாள் பூஞ்சை

முழுச் சூட்டோடு சுற்றியிருக்கிறீர்கள், உறைக்குள் நீர் கோத்துவிட்டது. இளஞ்சூடு என்றேன், கொதிசூடு அல்ல. சரியாகச் சுற்றினால் வெளியிலேயே ஒரு வாரம் இருக்கும். சென்னை போன்ற புழுக்கமான ஊரென்றால் மூன்று நாள், அதற்குமேல் துண்டு போட்டு உறைபெட்டியில். குளிர்பெட்டியின் சாதாரணத் தட்டில் வைக்காதீர்கள், அங்கே சீக்கிரம் விறைத்துவிடும். பூஞ்சை வந்ததைச் சுரண்டிவிட்டுச் சாப்பிட வேண்டாம்.

எதுவும் சரியாகவில்லை

காய்ந்துபோனது, உதிர்ந்தது, பசையானது எதையும் எறியாதீர்கள். ஹஷே என்ற டச்சு வெங்காய மாட்டிறைச்சிக் குழம்பில் இரண்டு துண்டு கூக்கை உதிர்த்துப் போடுவார்கள். கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும், இனிப்பும் மசாலாவும் அதிலேயே வந்துவிடும். கடைசி அரை மணி நேரத்தில் போட்டால் போதும், முன்பே போட்டால் அடி பிடிக்கும். பெல்ஜியத்தில் துண்டின் மேல் கடுகு விழுது தடவிப் போடுவார்கள், அது இன்னும் நன்றாக இருக்கிறது. இறைச்சி சாப்பிடாதவர்கள் காளானிலும் செய்யலாம். ஆப்பசோடா கூடிய அந்தச் சோப்புக் கூக்கை மட்டும் அதில் போட்டுவிடாதீர்கள், குழம்பும் சேர்ந்து போகும்.